முதல் பக்கத்தில் ஒரு ஓட்டை

போன வாரம், மில்லில் போர்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்த கதையில் நிறுத்தியிருந்தேன். அது அங்கேயே இருக்கட்டும். இந்த வாரம் வேறு ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வரைந்த படத்தைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவிக்கொண்டு வரும்படி ஒருவர் என்னிடம் சொன்னார். அதுவும் என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

அவர் பெயர் ரகுபதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்புச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. நாற்பதைத் தாண்டியவர். பழைய சித்திரக்கதைகளின் ஒரிஜினல்களைச் சேர்க்கும் பித்து அவருக்கு. ஒரிஜினல் என்றால் அச்சான புத்தகம் இல்லை. ஓவியன் தன் கையால் மையில் வரைந்து அச்சகத்துக்குக் கொடுத்த தாள்.

நான் வேலை செய்த சித்திரக்கதைக் கம்பெனியை மூடியபோது, அங்கே கிடந்த தாள்களெல்லாம் மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அதில் ஒரு மூட்டையைக் கிளறித்தான் இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறார். அந்தக் கம்பெனிக்கு வரைந்த ஆள் ஒருவர் ரயில்வே கேட் பக்கத்தில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, என்னைத் தேடி வந்துவிட்டார்.

சோப்புப் போட்டுக் கை கழுவினேன். என் மனைவி விஜயா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இத்தனை வருடத்தில் சாப்பிடுவதற்குக்கூட நான் இப்படிக் கழுவியதில்லை என்றாள்.

ரகுபதி பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை உருவினார். பழைய காகித வாசனையும் இந்தியன் இங்க் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. பழவேற்காடு ஏரி. இரண்டு படகு. கரையில் சுங்க இலாகா ஜீப். நான் வரைந்த முதல் கதையின் முதல் பக்கம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

மூன்றாவது கட்டத்தில் கதாநாயகியின் முகம் இருக்க வேண்டும். முகம் இல்லை. தலையும் கழுத்தும் இருந்த இடத்தில் ஓட்டை. அதன் வழியாக ரகுபதியின் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது.

உறையின் மேல் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தார். அதில் ஓவியர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது.

பெரியவர் பெயர்

அந்தப் பெயருக்குரியவரை நாங்கள் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். நான் ரயிலேறிப் பக்கங்களைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் அட்டைப்படம் போடுவார். உள்ளே இருக்கும் பக்கங்களை என்னைப்போல மூன்று நான்கு பேர் வரைவோம். புத்தகத்தில் ‘சித்திரம்’ என்று போட்டு அவர் பெயர் மட்டும் வரும். வாசகர்களுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான் என்பார் ஆசிரியர். பக்கத்தில் எங்காவது கையெழுத்துப் போட்டால் வெள்ளை அடித்து அழித்துவிடுவார்.

எனக்கு இளரத்தம். விடுவேனா? கதாநாயகி வசந்திக்குப் பெரிய ஜிமிக்கி போட்டு, அதன் குடை வடிவத்துக்குள் ‘தணிகை’ என்று என் பெயரைப் பொடி எழுத்தில் எழுதிவிட்டேன். தணிகாசலம் முழுக்க எழுத அங்கே இடமில்லை. ஆசிரியர் கண்ணில் படவில்லை. ஊரை ஏமாற்றிய சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு பரோட்டா கூடச் சாப்பிட்டேன்.

புத்தகம் வந்தது. பாக்கெட் அளவுக்குச் சுருக்கி, மட்டக் காகிதத்தில் அடித்ததில் மை ஊறி, ஜிமிக்கி கறுப்பு உருண்டையாகிவிட்டது. என் பெயரை அச்சு முழுங்கிவிட்டது. ஒரிஜினலில் மட்டும்தான் அது இருந்தது.

இதை ரகுபதியிடம் சொன்னேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். சேகரிப்பாளர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறதாம், அதில் படத்தோடு போட்டார். மறுநாள் வந்து பதில்களைக் காட்டினார். அச்சான புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த ஒருவர், ஜிமிக்கி புளியங்கொட்டைபோல இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கையெழுத்தைச் சரியாக ஓட்டை இருக்கும் இடத்தில் போட்டிருக்கிறார், கெட்டிக்கார மனுஷன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அறுபதைத் தொடப்போகிற வயதில் என்னைப் பொய்யன் என்று சிரிக்கிறார்கள்.

“நீ நம்புறியா, நம்பலியா?” என்று கேட்டேன்.

“நம்பறது வேற சார், டேக் போடறது வேற. ப்ரூஃப் இல்லாம நான் பேரை மாத்த மாட்டேன்” என்றார் ரகுபதி.

கோபம் வந்தாலும், அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்து ஒன்று கேட்டார் பாருங்கள். அந்த ஓட்டையில் முகத்தை நானே திரும்ப வரைந்து ஒட்டித்தர முடியுமா என்றார். ஜிமிக்கியோடு.

உங்கள் தொழிற்சாலையில் வார்ப்பில் ஓட்டை விழுந்தால் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்து அனுப்புவீர்களா என்று திருப்பிக் கேட்டேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அது எப்படிக் கிடைக்கும், முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறதே என்று ரகுபதி கேட்டார். அதை வெட்டியது யாரென்று எனக்குத் தெரியும் என்றேன்.

வெட்டியது நான்தான்.

கொசுவலைக்குள் ஒரு தொழில்

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பகலில் இரும்பு உருட்டும் மில்லில் வேலை. ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’, ‘கம்பி வரும் பாதை, நிற்காதே’ என்று போர்டு எழுதுவேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தால் சித்திரக்கதை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் மில்லிலிருந்து வரும் கறுப்பு இரும்புத் தூசி கொட்டும். காயப்போட்ட வேட்டி சாம்பலாகும். ஈர மை மேல் தூசி விழுந்தால் வசந்தியின் கன்னத்தில் மச்சம் முளைக்கும். அதனால் கட்டிலில் கொசுவலை கட்டி, அதற்குள் பலகையை மடியில் வைத்து வரைவேன். கல்யாணமான புதிதில் விஜயா இதைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஏதாவது வியாதியா என்று தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

இதைக் கேட்ட ரகுபதி உடனே ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து, முதல் பக்கத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். இரும்புத் தூள் அசைந்தால் பக்கம் கும்மிடிப்பூண்டியில் வரைந்தது என்று நிரூபணமாகிவிடுமாம். ஒன்றும் அசையவில்லை. அப்புறம்தான் கொசுவலை நன்றாக வேலை செய்திருக்கிறது என்று இருவருக்கும் உறைத்தது.

சரி, வெட்டிய கதைக்கு வருகிறேன்.

ஒரு தீபாவளி இதழ். மங்கை என்ற லாரி ஓட்டும் பெண்ணின் கதை. மில்லில் ஆள் இல்லாமல் எனக்கு இரட்டை ஷிப்ட். நான்கு பக்கம் பாக்கி, மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். மாதிரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி முதல் கதையின் பக்கங்களை ஆசிரியர் கொடுத்திருந்தார். கத்தரிக்கோலை எடுத்தேன். வசந்தியின் முகத்தை வெட்டி, மங்கையின் உடம்பில் ஒட்டினேன். சைக்கிள் கடையில் பஞ்சருக்குப் போடும் சொல்யூஷன்தான் பசை. ஓட்டை விழுந்த பக்கத்தை மற்றவையோடு கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எல்லா ஓவியரும் செய்ததுதான். அச்சான பிறகு ஒரிஜினலுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. அதன் மேல் வடை வைத்துத் தின்போம். அது ஒருநாள் பிளாஸ்டிக் உறைக்குள் போகும், அதைத் தொட நான் கை கழுவ வேண்டிவரும் என்று யார் கண்டது?

பரிசு பெற்றவர்கள்

வசந்தியின் முகத்தை ஒட்டிய மங்கை பக்கம் பேப்பர் கடைக்குப் போகவில்லை, பரிசாகப் போனது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கம்பெனியில் மாதம் ஒரு போட்டி வைப்பார்கள். கடைசிக் கட்டத்தின் பலூனைக் காலியாக விட்டு, வசனம் எழுதி அனுப்பச் சொல்வார்கள். பரிசு கொடுக்க எதுவும் இருக்காது. ‘சித்திரத்தின் அசல் பக்கம் பரிசு’ என்று அறிவித்துவிட்டு, ஜெயித்தவர்களுக்கு எங்கள் பக்கங்களைத் தபாலில் அனுப்பிவிடுவார் ஆசிரியர்.

ஜெயித்தவர்களின் பெயரும் ஊரும் அடுத்த இதழில் வரும். ரகுபதி வீட்டில் அந்த இதழ் இருந்தது. மூன்று பேர். மூவருமே எங்கள் ஜில்லாக்காரர்கள். அத்திப்பட்டில் ஒருவர், ஊத்துக்கோட்டையில் ஒருவர், ஆர்.கே.பேட்டை பக்கத்தில் ஒருவர். தபால் செலவு குறைய ஆசிரியர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அத்திப்பட்டுக்காரரை அனல்மின் நிலையத்து கேட் வாசலில் பிடித்தோம். ஒப்பந்த வேலை பார்க்கிறார். அவருக்கு வந்த பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் தான் எழுதி அனுப்பிய வசனத்தை மட்டும் ஒரு எழுத்து விடாமல் சொன்னார். அவர் பக்கத்தில் பாலத்தில் போகும் லாரி மட்டும்தான் இருந்ததாம், முகம் எதுவும் இல்லையாம்.

ஊத்துக்கோட்டைக்காரர் விதைக்கடை வைத்திருக்கிறார். கடை அலமாரிக் கதவின் உட்பக்கம் பக்கத்தை ஒட்டி, மேலே கடன் கிடையாது என்று எழுதியிருந்தார். ரகுபதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதிலும் சண்டைக் காட்சிதான். வசந்தி இல்லை.

வீடு திரும்பியபோது என் முழங்கால் வீங்கியிருந்தது. மூன்றாவது ஆள் இருக்கிறாரோ இல்லையோ, இந்தக் காலோடு எதற்கு அலைகிறீர்கள் என்று விஜயா திட்டினாள். நான் வெந்நீர் ஒத்தடத்தை வைத்துக்கொண்டே ஆர்.கே.பேட்டைக்கு வழி கேட்டு ரகுபதிக்குப் போன் போட்டேன்.

“நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. போய்க்கினு வந்து அப்பால கால் வலிக்குதுன்னு என் உயிர வாங்குவீங்க” என்ற விஜயா, போகும்போது முழங்காலுக்குத் துணிப்பட்டி கட்டிவிட்டாள்.

புக்கு கோகிலா

ரகுபதியின் பைக்கில் ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், திருத்தணி எல்லாம் தாண்டிப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவர் முதுகுப்பையில் ஓட்டை விழுந்த முதல் பக்கம். என் பையில் ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு. பஞ்சு எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

பட்டியலில் இருந்த பெயர் கோகிலா. ஆர்.கே.பேட்டையில் உரக்கடை ஒன்றில் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டோம். அந்த ஊரில் நாலு கோகிலா இருக்கிறார்கள், எந்தக் கோகிலா என்றார் கடைக்காரர். புத்தகம் படிப்பவர் என்றேன். “புக்கு கோகிலாவா?” என்று உடனே கையைக் காட்டிவிட்டார்.

நெல் அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் கிடந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்தார்.

கல்யாணப் பட்டுக்கு அடியிலிருந்து, காலண்டர் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். பிரித்தார். லாரியிலிருந்து இறங்கும் மங்கை. பிரித்த வேகத்தில் அவள் முகம் மட்டும் கழன்று தரையில் விழுந்தது. பஞ்சர் சொல்யூஷன் எத்தனை காலம் தாங்கும்?

கோகிலா பதறிப்போனார். நான் குனிந்து எடுத்தேன். உள்ளங்கையில் என் வசந்தி. ரகுபதி தன் பக்கத்தை உறையிலிருந்து எடுத்து நீட்டினார். ஓட்டையில் வைத்தேன். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

அப்புறம் காதைப் பார்த்தேன். ஜிமிக்கி இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளை வண்ணம் பூசியிருந்தது.

இது நான் எதிர்பார்த்ததுதான். லாரி ஓட்டுகிற பொண்ணுக்கு ஜிமிக்கி எதுக்குய்யா என்று ஆசிரியர் கேட்டது நினைவிருந்தது. நானே வெள்ளை பூசி என் பெயரை அழித்தவன். ஆனால் பூசிய வெள்ளை தண்ணீரில் கரையும். கீழே இருக்கும் இந்தியன் இங்க் கரையாது. ஈரப் பஞ்சால் இரண்டு தடவு தடவினால் போதும், பெயர் வெளியே வந்துவிடும். அதற்குத்தான் பஞ்சு.

கோகிலாவிடம் இதைச் சொன்னேன். படத்தை வரைந்தவன் நான் என்பதை யாரும் நம்பவில்லை, இது ஒன்றுதான் சாட்சி என்றும் சொன்னேன்.

அவர் அந்த வெறும் காதை விரலால் தொட்டார்.

“உங்க படம்ணா. நான் வேணாம்னு சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் கட்டிக்கினு வந்த வருசம், நாத்தனார் கல்யாணத்துக்கு என் கம்மலக் கழட்டிக் குடுத்துட்டாங்க. ஒரு வருசம் காதுல வேப்பங்குச்சிதான். கோயிலுக்குப் போனா எல்லாம் என் காதத்தான் பாப்பாளுங்க. அப்பத்தான் இது தபால்ல வந்துச்சு. இவ காதுல ஒண்ணுமில்ல. அவ பாட்டுக்கு லாரி ஓட்டிக்கினு போறா. ஒருத்தனும் இவ காதப் பாக்கல. அதுக்கோசரந்தான் இத வச்சிருக்கேன்.”

பஞ்சு என் கையில் ஈரமாக இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. முப்பது வருடமாகக் கிடைக்காத பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு தடவு தடவினால் அந்தக் குழுவில் சிரித்தவன் அத்தனை பேர் வாயும் அடைபடும். அதே தடவலில் இந்த அம்மாவின் மங்கை போய்விடுவாள். மனசே இல்லாமல்தான் பஞ்சைப் பிழிந்து சட்டைப்பையில் போட்டேன். அந்த நேரத்தில் நான் பெருந்தன்மையாக இருந்தேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

“வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

ரகுபதி கிட்டே வந்தார். என் கையிலிருந்து முகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“எங்க ஃபேக்டரியில வார்ப்புக்கு உள்ள இருக்கறதப் பாக்க நாங்க எதையும் சுரண்ட மாட்டோம் சார்” என்றார்.

ஜன்னல் கதவைச் சாத்தினார். போனில் டார்ச்சைப் போட்டு, தாளின் பின்னால் பிடித்தார். வெளிச்சம் தாளுக்குள் பழுப்பாகப் பரவியது. வசந்தியின் கண், மூக்கு, வாய் எல்லாம் நிழலாக எழுந்தன. காதுக்குக் கீழே, வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குடை. குடைக்குள் மூன்று எழுத்து.

கோகிலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். எழுத்துக் கூட்டினார்.

“த… ணி… கை. தணிகை. அது நீங்களா?”

தலையை ஆட்டினேன். என் பெயரை ஒரு வாசகர் படித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“முப்பது வருசத்துக்கு மேல என் ஊட்டுல தானே இருந்துக்கினு இருக்கீங்க. பேரு தெரியாமப் போச்சே” என்றார்.

தன் போன் டார்ச்சாக எரிந்துகொண்டிருந்ததால், கோகிலாவின் போனை வாங்கி ரகுபதி படம் எடுத்துத் தனக்கு அனுப்பிக்கொண்டார். தன் பிளாஸ்டிக் உறையின் மேல் இருந்த, பெரியவர் பெயர் போட்ட சீட்டை நகத்தால் கிளப்பினார். அது லேசில் வரவில்லை. விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கோகிலா ஒரு கிண்ணத்தில் சோற்றுப் பசை பிசைந்து வந்தார். முகத்தை மங்கையின் தோளுக்கு மேல் வைத்து, விரலால் நீவி ஒட்டினேன். ஓட்டை விழுந்த பக்கம் ஓட்டையோடு உறைக்குள் போனது. அது அப்படியே இருக்கட்டும், ஓட்டையும் ஒரிஜினல்தான் என்றார் ரகுபதி.

கிளம்ப எழுந்தேன். கோகிலா உள்ளே போய் ஒரு பேனாவோடு வந்து, மங்கையை என் முன்னால் நீட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். எங்கே போடுவது என்று கேட்டேன்.

“எங்க வேணா போடுங்கண்ணா. காதுல மட்டும் வேணாம்.”

கீழே வலது மூலையில் போட்டேன். தணிகாசலம், கும்மிடிப்பூண்டி என்று முழுசாக, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, போர்டு எழுதுகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினேன்.